மயக்கங்காட்டில் என் குரல்

வைகாசி 4, ஞாயிறு

காலையிலேயே வெயில் முதுகைப் பிடித்துக்கொண்டது. பெரம்பலூர் போய் ஊக்கு, லைனிங் துணி, பச்சை நூல். பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. திருவிழாவுக்குத் தைக்க வேண்டிய ரவிக்கைகள் மூட்டையாகக் கிடக்கின்றன. பக்கத்து வீட்டு ராணிக்கு முதுகில் ஜன்னல் வைத்து மணி தொங்கவிட வேண்டுமாம். அவள் முதுகுக்கு வாசலே வைக்கலாம்.

சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும். மாங்காய்க்கு உப்புப் போட்டாச்சு.

வீரனார் அழைப்பு இந்த வருஷம் எங்கள் தலைக்கட்டு முறை. இவருக்கு முட்டி வலி. கதிருக்குச் சென்னையில் லீவு இல்லையாம், அம்மாவுக்குப் போன் பண்ணவே லீவு இல்லாத பிள்ளை. ஆக, இவர் தம்பி ராசுதான் மயக்கங்காட்டுக்குள் போகிறான். பூசாரி வந்து காப்புக் கட்டிவிட்டுப் போனார். புதன்கிழமை போக வேண்டும்.

ராசுவிடம் நான் பேசி ஒரு வாரம் ஆகிறது. சோறு வைக்கிறேன், பேசுவதில்லை.

வைகாசி 5, திங்கள்

மழை வரும்போல் இருட்டிவிட்டு ஏமாற்றிவிட்டது. ராணி ரவிக்கை கழுத்து தப்பு, பிரிக்க வேண்டும்.

சாயங்காலம் ஊர் எல்லை வரை போய் விறகு பொறுக்கி வந்தேன். அங்கிருந்து பார்த்தால் மயக்கங்காடு முழுசும் தெரியும். சிவப்பு மண் கரைந்து கரைந்து பள்ளமும் மேடுமாக, புல் கிடையாது, பூண்டு கிடையாது. கல்லாய்ப் போன நத்தையும் சங்கும் காலில் குத்தும். ஒரு மேட்டைப் போலவே அடுத்த மேடு. உள்ளே போனால் சூரியன் இடம் மாறி நிற்கும், பின்னால் விட்டு வந்த பள்ளம் முன்னால் வரும் என்பார்கள். ஆடு தேடிப் போன ஆள் பொண்டாட்டி பேரையே மறந்து வந்திருக்கிறான். பைக்கில் வருகிற டவுன் பையன்கள் ஓரமாக நின்று வீடியோ எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். அவர்களுக்குப் புத்தி இருக்கிறது.

வீரனார்கள் கதையை நினைத்துக்கொண்டேன். சின்ன வயசில் கேட்டபோது சண்டைதான் பிடித்தது. ஊரைக் கொள்ளையடிக்க வந்தவர்களை ஏழு பேரும் ராத்திரியோடு ராத்திரியாக வெட்டிச் சாய்த்தார்கள். விடிந்து பார்த்தால் வெட்டுப்பட்டுக் கிடந்தவர்களில் சொந்த மச்சானும் ஒருத்தன். உதவிக்கு ஓடி வந்தவன், இருட்டில் தெரியவில்லை. அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்று ஊருக்குள் வராமல் அந்தக் காட்டுக்குள் போனார்கள். யாரும் தேடி வரக் கூடாதென்று திசையைக் குழப்பி வைத்தார்கள். வருஷத்துக்கு ஒருத்தன் உள்ளே போய் நடுகல்லுக்குத் தண்ணீர் ஊற்றி, "ஊருக்குக் குறையில்லை, வாங்க" என்று சொன்னால் திருவிழாவுக்கு வந்து இருந்துவிட்டுப் போவார்கள். அத்தனை பேரை வெட்டிய கைக்கு ஒரு கதவைத் தட்டத் தைரியமில்லை.

சொல்லப் போகிறவன் வீட்டில் யாருக்கும் அவன்மேல் குறை இருக்கக் கூடாது. ஒவ்வொருத்தரும் திருநீறு பூசி, "குறையில்லை, போயிட்டு வா" என்று வாயால் சொல்ல வேண்டும். அதுதான் அவனுக்குத் துணை. எங்கள் வீட்டில் இருப்பதே மூன்று பேர்.

எனக்குக் குறை இருக்கிறது. ஆலத்தியூர்ப் பக்கம் லாரியில் கல் ஏற்றப் போகிறவன், ஏலாக்குறிச்சி டீச்சர் ஒருத்தியைப் பிடித்திருக்கிறது என்று வந்து நிற்கிறான். ஜெசிந்தா. புருஷன் செத்துப் போனவள். வேதக்காரி, மாதா கோவிலுக்குப் போகிறவள். இவரிடம் சொன்னால் "அண்ணிகிட்ட கேளு" என்று நழுவிவிட்டார். நழுவுவதற்கு மட்டும் முட்டி வலிக்காது.

வைகாசி 7, புதன்

ராசு இன்னும் வரவில்லை.

விடிகாலை குளித்துவிட்டு மஞ்சள் வேட்டியோடு அடுப்படி வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. "அண்ணி, சொல்லுங்க" என்றான். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். திரும்பவே இல்லை.

"மொதல்ல போயிட்டு வா. மத்தத அப்புறம் பாக்கலாம்."

கொஞ்ச நேரம் நின்றான். தோசை கருகியது. திரும்பிப் பார்த்தபோது ஆள் இல்லை.

ஊர் எல்லை வேலமரத்தடியில் பூசாரி முறைப்படி கேட்டார், வீட்டில் எல்லாரும் சொல்லியாச்சா என்று. இவர் "சொல்லியாச்சு" என்றார். ராசு என்னைப் பார்த்தான். நான் புடவைத் தலைப்பைச் சரி பண்ணினேன். தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனான். முதல் மேடு தாண்டும்வரை மஞ்சள் வேட்டி தெரிந்தது.

மத்தியானத்துக்குள் வந்துவிடுவார்கள் எல்லா வருஷமும். பொழுது சாய்ந்துவிட்டது. பேர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது, முறை. நான் கூப்பிட வாயைத் திறந்தேன், பூசாரி முறைத்தார். முறையை மதிக்கிறவள்போல மூடிக்கொண்டேன். காலையில் எங்கே போயிற்று இந்த மதிப்பு.

வைகாசி 8, வியாழன்

கிடைத்துவிட்டான். உயிர் இருக்கிறது.

காலையில் ஊர் ஆண்கள் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார்கள். ரொம்ப உள்ளே ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருந்தானாம். தலைகீழாக வைத்த குடத்தின் பக்கத்தில். உதடு வெடித்து, கண் சிவந்து. பெரம்பலூர் ஆஸ்பத்திரி. குளுக்கோஸ் ஏறுகிறது. வெயில் தாக்கி உடம்பில் உப்புக் குறைந்துவிட்டது என்கிறார் டாக்டர்.

தூக்கி வந்தவர்களிடம் அவன் சொன்னதை ராணியின் வீட்டுக்காரர் சொன்னார். நடுகல்லுக்கே அவன் போகவில்லையாம்.

"அண்ணி கூப்டாங்க. 'குறையில்ல ராசு, வா'ன்னாங்க. அந்தப் பக்கமாப் போனேன். அங்க போனா அதுக்கும் அந்தாண்ட கேக்குது."

எல்லாரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். பாசமான அண்ணியாம். ஃபிளாஸ்க்கைக் கழுவுகிற சாக்கில் எழுந்து வெளியே போய்விட்டேன்.

வைகாசி 9, வெள்ளி

ஆஸ்பத்திரி. கொசு. பக்கத்துக் கட்டில் பெரியவர் ராத்திரி முழுக்கப் பேரன் பேரைச் சொல்லி இருமுகிறார். இட்லி வாங்கினேன், கல்.

இங்கே யார் படிக்கப் போகிறார்கள், உள்ளதை எழுதிவிடுகிறேன். வேதக்காரி, விதவை என்பதெல்லாம் வாய்க்குச் சொன்னது. ராசு கல்யாணம் பண்ணாமல் இருந்தால் மேட்டுக்காட்டு நிலத்தில் அவன் பங்கும் கதிருக்கு வரும். அதுதான். வருஷக்கணக்காக எனக்கே தெரியாமல் அதைக் கணக்கில் வைத்திருந்திருக்கிறேன். வந்த வரன்களையெல்லாம் நொட்டை சொல்லித் திருப்பி அனுப்பியது இந்த வாய்தான். பல் எடுப்பு, நடை சரியில்லை, அப்பன் குடிகாரன்.

நான் வாக்கப்பட்டு வந்தபோது அவன் மூணாங்கிளாஸ். தாயில்லாப் பிள்ளை. முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தவன். சளி பிடித்தால் என் முந்தானையில்தான் மூக்குத் துடைப்பான். அவனுக்கு ஒரு சொல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மத்தியானம் கண் விழித்தான். இவரைப் பார்த்து "அண்ணே" என்றான். என்னைப் பார்த்தான், பேசவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

வைகாசி 11, ஞாயிறு

வீட்டுக்குக் கூட்டி வந்தாச்சு. வாசலில் ஆரத்தி எடுக்கப் போனேன். ஒதுங்கி நின்று இவரிடம் கேட்டான்.

"அண்ணே, இவங்க யாரு?"

"டேய், அண்ணிடா."

"அவங்க மாதிரியே இருக்காங்க. ஆனா அண்ணி உள்ள இருக்காங்கண்ணே. காட்டுல. நான்தான் வுட்டுட்டு வந்துட்டேன்."

ஆரத்தித் தட்டோடு நின்றேன். கற்பூரம் அணைந்துவிட்டது.

நான் வைத்த சோற்றைச் சாப்பிடுகிறான், குறை சொல்லவில்லை. மரியாதையாக "போதுங்கம்மா" என்கிறான். வெளியூரில் மெஸ்காரம்மாவிடம் சொல்வதுபோல. இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது அம்மா என்று கூப்பிட மாட்டானா என்று ஆசைப்பட்டிருக்கிறேன்.

ராணி ரவிக்கை முடிந்தது. நன்றாக வந்திருக்கிறது, எரிச்சலாக இருக்கிறது.

வைகாசி 12, திங்கள்

பூசாரி வந்தார். இவரிடம் கேட்டார், வீட்டில் யாராவது சொல்லாமல் விட்டீர்களா என்று. இவர் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணாத குறை. அவர் போனபிறகு கொல்லைப்புறத்தில் இவரிடம் சொன்னேன், நான் சொல்லவில்லை என்று.

"தெரியும்" என்றார்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொன்னார். "தோசைக்கல்லுக்குத் திரும்பிக்கிட்டு நின்னியே, பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நீ சொல்லலன்னா மொறைப்படி அவன் போக முடியாது. அப்புறம் நான்ல போவணும்."

முட்டியைத் தடவிக்கொண்டார். நல்ல ஜோடி.

முறையை அடுத்த தலைக்கட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அவர்கள் வீட்டில் பதினைந்து உருப்படி, எல்லாரும் வரிசையாகச் சொன்னார்களாம். பையன் போய்விட்டு வெயில் ஏறுமுன் திரும்பிவிட்டான். வீரனார்கள் ஊருக்குள் வந்தாச்சு. பம்பைச் சத்தத்தில் காது கிழிகிறது. ராசு தெருவில் நின்று சாமி வருவதைப் பார்த்தான். கூட்டத்தில் யாரையோ தேடினான். அழைத்து வந்த பையனிடம் போய், உள்ளே பொம்பளை யாராவது நின்றார்களா என்று கேட்டிருக்கிறான்.

வைகாசி 14, புதன்

திருச்சிக்குக் கூட்டிப் போனோம். மனசு டாக்டர், சின்ன வயசு அம்மா. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். முகம் தெரிகிறது, நம்ம ஆள் என்கிற உணர்வு மட்டும் ஒட்டவில்லையாம். மெல்ல மாறலாம், எப்போது என்று சொல்ல முடியாது, எதிர்த்து வாதம் பண்ணாதீர்கள் என்றார்கள். ஏன் என்னை மட்டும் என்று கேட்டேன்.

"யாரு ரொம்ப நெருக்கமோ அவங்களத்தான் பெரும்பாலும் இப்படிச் சொல்வாங்கம்மா."

ஆறுதலாகத்தான் சொன்னார்கள். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம். பாடாலூர் வரை அழுதேன். ராசு தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "ஒடம்பு சரியில்லைங்களா?"

வைகாசி 15, வியாழன்

அனல். கரண்டு இல்லை, தையல் இல்லை.

இன்று சொன்னேன். திருநீறு எடுத்துக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றேன். நடிப்புக்கு இல்லை, சாமி சத்தியமாக மனசில் ஒன்றும் மிச்சம் இல்லை. மேட்டுக்காடு கட்டாந்தரையாய்ப் போகட்டும். ஜெசிந்தாவையே கட்டிக்கொள், வேண்டுமானால் கோவிலில் மோதிரம் மாற்று.

"குறையில்ல ராசு. வா" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். இன்னொரு தடவை சொல்லுங்க என்றான். சொன்னேன். தலையை ஆட்டினான்.

"நல்லாத்தாங்க சொல்றீங்க. ஆனா எங்க அண்ணி இப்படிச் சொல்லல. அவங்க அழுவாம சொன்னாங்க. சின்னப் புள்ளைல இஸ்கூல் வுட்டு வந்தா கூப்டுவாங்களே, அப்படி."

எனக்குத் தெரியும் அந்தக் குரல். எனக்கு இருந்ததுதான். இப்போது எப்படிக் கூப்பிட்டாலும் தொண்டையில் அழுகை வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் காட்டுக்கு இருக்கிற புத்தி எனக்கு இல்லை. ஒரு பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்து, கொடுத்தே கெடுத்துவிட்டது.

இன்று விடியலில் கிளம்பி எல்லை வரை போய்விட்டானாம். அண்ணியைக் கூட்டி வர. ராணியின் வீட்டுக்காரர் மடக்கி அழைத்து வந்தார். இவன் இந்தக் காட்டுக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது.

வைகாசி 16, வெள்ளி

ஜெசிந்தாவுக்கு நானே போன் போட்டேன். என்ன சொல்வது என்று தெரியாமல் எல்லாவற்றையும் சொன்னேன், தோசை முதற்கொண்டு. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "ஞாயித்துக்கெழம பூசை முடிச்சிட்டு வரேங்கக்கா" என்றாள். ராசு தங்க அவள் அண்ணன் வீட்டில் மேல் அறை இருக்கிறதாம். மாத்திரை நேரம் கேட்டுக்கொண்டாள்.

இவர் ஊர் என்ன பேசும் என்றார். முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுங்க என்றேன்.

வைகாசி 18, ஞாயிறு

லேசான தூறல், மண் வாசம். ராசு துணிகளை இஸ்திரி போட்டு வைத்தேன். மாத்திரை, ஆஸ்பத்திரிச் சீட்டு, மாங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில்.

ஜெசிந்தா வந்தாள். கருப்பு, ஒல்லி, குடையை மடக்கி வாசலிலேயே வைத்தாள். ராசுவுக்கு அவளைத் தெரிந்தது. அவன் முகம் பூராவும் அந்தச் சந்தோஷம் தெரிந்தது. அந்த முகத்தை நான் பார்த்து எத்தனை நாளாயிற்று. அவள் என்னிடம் கடுமையாக ஒன்றும் பேசவில்லை. காபி குடித்தாள், தம்ளரைக் கழுவி வைத்தாள். கல்யாணத்துக்கு நானே முன்னால் நிற்பேன் என்றேன். அவருக்கு உங்களைத் தெரியட்டும்க்கா, அதுவரைக்கும் நான் இருக்கிறேன் என்றாள்.

அரியலூர் பஸ் வரும்வரை ஸ்டாப்பில் நின்றேன். இவர் வரவில்லை. பஸ் வந்தது. அவள் ஏறிவிட்டாள். ராசு படியில் ஒரு கால் வைத்துவிட்டு இறங்கி என்னிடம் வந்தான்.

"இத்தினி நாளு சோறு போட்டீங்க. ஒரு ஒதவிங்கம்மா. எங்க அண்ணி காட்ட வுட்டு வந்தாங்கன்னா, நான் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டேன்னு நெனச்சுக்குவாங்க. அதெல்லாம் இல்ல, ஏலாக்குறிச்சிலதான் இருக்கேன்னு சொல்லிடுங்க."

சொல்கிறேன் என்றேன்.