அம்மாவின் கண்ணும் நீ அனுப்பிய திரையும்

நேயாஃபு,
வியாழக்கிழமை.

அன்பு மகள் லோசலீனுக்கு,

கடவுள் தயவில் நானும் அம்மாவும் நல்ல மூச்சோடும் நல்ல பசியோடும் இருக்கிறோம், ஆக்லாந்து குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல உன் அத்தை மகன் பௌலியாசி எழுதுகிறான், என்னைக் காப்பாற்றி எழுதாதே என்று சொல்லியிருக்கிறேன்.

நீ அனுப்பிய பெரிய கம்ப்யூட்டர் திரையில் எழுத்தெல்லாம் எறும்பு போல இருந்தது, போதகர் வந்து எதையோ அழுத்தி எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்கினார். மற்றதெல்லாம் பளிச்சென்று ஆனது, அம்மா கோயில் பாடகர் குழுவுக்கு ஸ்வரம் டைப் அடிக்கும் பழைய புரோகிராம் மட்டும் நனைந்த காகிதம் போலக் கலங்கிவிட்டது. நம் ஊரில் ஸ்வரத்தை எண்ணாகத்தானே எழுதுகிறோம், மூன்று இருக்க வேண்டிய இடத்தில் எட்டு விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு பெண்கள் அந்தத் தாளைப் பார்த்துக் குரலை மேலே ஏற்றினார்கள், எழுதப் படிக்கத் தெரியாமல் ஞாபகத்தில் பாடுகிற நான் பழைய ஸ்வரத்திலேயே கீழே நின்றேன், கோயிலே சிரித்தது. அத்தோடு விட்டேனா, ஆண்கள் கூடிக் காவா வேர்ச்சாறு குடிக்கும் இடத்தில் எல்லார் முன்னாலும், "எங்க வீட்டுக்காரிக்குக் கண்ணு போச்சு, இனிமே மீனுன்னு நெனச்சு என் செருப்பத்தான் சுடுவா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அது அவள் காதுக்கும் போய்விட்டது. சர்க்கரை நோய்க்காரி, பயந்துபோய் அடுத்த செவ்வாய் நம் தீவுக்கு வரப்போகிற கண் டாக்டரிடம் பெயர் கொடுத்தாள், ஸ்வரம் அடிப்பதையும் விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அவள் மாதர் கூட்டத்துக்குப் போயிருந்தபோது பௌலியாசி வந்து பார்த்தான். "மாமா, இந்தப் பழைய புரோகிராமுக்குப் புதுத் திரையோட அளவு தெரியல. கம்ப்யூட்டர் அதப் புடிச்சு இழுத்துப் பெருசாக்குது, அதான் கலங்குது. நம்ம யாரு பாத்தாலும் கலங்கும்" என்றான். உன் அளவை நீயே பார்த்துக்கொள் என்று அந்தப் புரோகிராமுக்கு ஏதோ குறித்து, உள்ளே போய்ப் பக்கத்தைப் பெரிதாக்கினான், தெளிந்துவிட்டது. "அவகிட்டச் சொல்லாதடா" என்றேன். அன்று சிரித்தவர்கள் இனி என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்ற வெட்கம்தான்.

அம்மா வந்து உட்கார்ந்தாள், பார்த்தாள், அழுதாள். போன ஞாயிறு கோயிலில் எழுந்து நின்று, கர்த்தர் என் கண்ணைத் தொட்டார் என்று சாட்சி சொன்னாள் மகளே, எல்லாரும் ஆமென் என்றார்கள், நானும் ஆமென் என்றேன். வீட்டுக்கு வந்ததும் இனி டாக்டர் எதற்கு என்று பெயரை எடுக்கச் சொல்லி அனுப்பினாள். சர்க்கரை சத்தமில்லாமல் கண்ணைத் தின்னும் என்று நர்ஸ் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது, அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

நேற்று அவள் கிழங்கு உரிக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்தியைக் கீழே வைத்தாள். "ஊரு சிரிச்சப்போ ஆரம்பிச்சு வெச்சது நீதான் கிழவா. நான் சாட்சி சொன்னப்பவும் பக்கத்துலதான் ஆமென் சொல்லிக்கிட்டு உக்காந்திருந்த. செவ்வாக்கெழம நான் டாக்டர்கிட்டப் போறேன். அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கெழம நீ கோயில்ல எந்திரிச்சு நின்னு உண்மையச் சொல்லு" என்றாள். அதிலிருந்து என் தட்டை வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல் போய் ஸ்வரம் அடிக்கிறாள்.

கர்த்தர் உங்கள் எல்லாரையும் நிழல் போலக் காக்கட்டும். செவ்வாய் சாயங்காலம் மறக்காமல் அம்மாவுக்குப் போன் செய், டாக்டர் என்ன சொன்னார் என்று கேள், என்னைக் கேட்காதே. குழுவோடு நின்று பாடியிருக்கிறேனே தவிர அந்தக் கோயிலில் நான் தனியாக எழுந்து நின்றதில்லை. ஞாயிறு காலை எனக்காக ஜெபம் செய், நாக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று.

உன் அப்பா,
மாகா
(கைநாட்டு)