விறகுதான் என்று சொன்னேன்

சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயப்போட்ட என் வெள்ளைச் சட்டையில் இன்று காலை கறுப்புத் துகள் விழுந்திருந்தது. இந்தத் தெம்பனிஸ் வீட்டுக்கு எதிரே இன்னும் அடுக்குமாடி புளோக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மிச்சப் பலகையையும் தார்த்தாளையும் அங்கேயே கொளுத்துகிறார்கள். ஒரு துகளை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தேன். நொறுங்கவில்லை, ஒட்டிக்கொண்டு இழுபட்டது. அப்போதிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சன்னலுக்கும் கதவுக்குமாக நடக்கிறேன். "என்னப்பா, ஒரு இடத்துல உட்கார மாட்டீங்களா?" என்றாள் மகள். காகிதம் எடுத்து வரச் சொன்னேன். எனக்கு எழுத்து வராது, உனக்குத் தெரியும். நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள்.

தேய்த்துப் பார்க்கும் பழக்கம் உன்னிடமிருந்து வந்தது. தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் நம் சலவைக்கூடம். நீ பாய்லர் அறையில், நான் முற்றத்தில் ஹோட்டல் விரிப்புகளைக் காயப்போடுகிறவன். எண்ணெய் விலை ஏறிய வருஷம் முதலாளி டீசலை நிறுத்திவிட்டுக் கண்டதையும் எரிக்கச் சொன்னார். வொர்க்‌ஷாப்பில் வடித்த பழைய என்ஜின் ஆயில், பெயின்ட் அடித்த பலகை, செருப்புக் கம்பெனி வெட்டிப்போட்ட ரப்பர் துண்டு, எல்லாம் லாரியில் சும்மா வந்தது. விரிப்பில் கரி விழுந்தபோது புகைபோக்கியை இன்னும் இரண்டு ஆள் உயரம் ஏற்றினார். விரிப்பு வெள்ளையானது. புகையும் சுத்தமாகிவிட்டது என்றே நான் நினைத்தேன். ஆனால் பாய்லர் குழாயைச் சுரண்ட உள்ளே தலையைக் கொடுக்கிறவன் நீதானே. ஒரு நாள் வெளியே வந்து அந்தப் பொடியை என் விரலில் தடவினாய்.

"விறகுச் சாம்பல்னா ஊதினா போயிடும் லா. இது போகுதா பாரு."

போகவில்லை. சோப்புப் போட்டும் போகவில்லை.

புகையைப் பார்க்க அதிகாரி வருவார். சாம்பல் நிறக் கட்டங்கள் போட்ட அட்டையை நீட்டிப் பிடித்து, புகை எவ்வளவு கறுப்பு என்று ஒத்துப் பார்ப்பார். அதற்கும் நாம் ஒரு வழி வைத்திருந்தோம். அவர் வண்டி தெருமுனையில் தெரிந்ததும் கடைசிக் கொடியில் நான் நீலப் போர்வையை விரிப்பேன். உன் அறைச் சன்னலிலிருந்து அது தெரியும். ரப்பரை நிறுத்திவிட்டு நல்ல விறகாகப் போடுவாய். அவர் அட்டையை மடித்துக்கொண்டு போவார், நாம் சிரிப்போம்.

ஞாயிறு பூசைக்கு நீயும் வெள்ளைச் சட்டையில் வருவாய். கோயில் வாசலில் மூக்கைச் சிந்திவிட்டுக் கைக்குட்டையைக் காட்டுவாய், மை மாதிரி இருக்கும். "ஃபாதர்கிட்ட சொல்லாத பாவம்லாம் இந்த வழியா வருது போல" என்பாய்.

இருமல் நிற்காமல் போன பிறகு ஒரு மத்தியானம், அடுத்த தடவை அதிகாரியிடம் உள்ளதைச் சொல்லிவிடப் போகிறேன் என்றாய். நான் பயந்துபோனேன். உனக்கு லாரி லைசென்ஸ் இருந்தது. கையெழுத்துப் போடத் தெரியாத என்னை யார் சேர்ப்பார்கள்?

"இத மூடிட்டா நான் எங்கடா போவேன்?" என்றேன்.

நீ உள்ளே போய் அடுப்புக் கதவைத் திறந்து அடுத்த கூடையைக் கொட்டினாய். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் அந்தத் தமிழ் டாக்டர், வேலையிடத்தில் என்ன எரிக்கிறீர்கள் என்று கேட்டார். நீ மூச்சு வாங்கிக்கொண்டே என்னைத்தான் பார்த்தாய். மறுநாள் நான் வேலைக்குப் போகவேண்டும். "விறகுதான் டாக்டர்" என்றேன். "ஆமா, விறகுதான்" என்றாய் நீயும். அடுத்து அவர் சிகரெட்டைப் பற்றிக் கேட்டார். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று என்று ஒப்புக்கொண்டாய். பக்கத்தில் நின்ற உன் மனைவி அதைப் பிடித்துக்கொண்டாள்.

இன்னும் விடவில்லை. ஒவ்வொரு வருஷமும் கல்லறைத் திருநாளுக்கு நானும் போகிறேன். கல்லைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு உன்னைத் திட்ட ஆரம்பிப்பாள். "அந்த சிகரெட்ட விட்டிருந்தா பேரப்புள்ளய தூக்கியிருப்பீங்களே." நான் காற்றுக்குக் கையை வளைத்து மெழுகுவத்தியை மறைத்துக்கொண்டு வாய் திறக்காமல் நிற்பேன். சலவைக்கூடத்தையே இடித்துவிட்டார்கள். இன்னும் யாருக்குப் பயப்படுகிறேன்?

எது உன்னைக் கொண்டுபோனது என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரிந்திருக்காது, தெரியவிடாமல் செய்தவன் நான்.

என்னென்ன எரித்தோம், நீலப் போர்வை எதற்கு, யார் யாரைப் பேசவிடவில்லை, எல்லாம் இந்தத் தாளில் வந்துவிட்டது. நாளை மறுநாள் கல்லறைத் திருநாள். உன் கல்லுக்குப் பக்கத்திலேயே மகள் இதை உன் மனைவிக்குப் படித்துக் காட்டுவாள். இந்த வருஷம் திட்டு எனக்கு விழட்டும்.

கைநாட்டு வைக்க மகள் மை தேடினாள். வேண்டாம் என்று சொல்லி, சட்டையிலிருந்த கரியைப் பெருவிரலில் தேய்த்துக் கீழே அழுத்தியிருக்கிறேன். ஊதிப் பார்த்தேன். போகவில்லை.