வலப்பக்கம் உனக்கான இடம்

மாப்ளே,

பல மாதம் கழித்து இன்று காலை மலைக்கோட்டை அடிவாரத்தில் நடக்கப் போனேன். கூடவே என் வீட்டுக்காரியும் வந்தாள். பால்கேன் கட்டிய பழைய மொபெட் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு தாண்டிப் போனது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் நீதான் வருகிறாய் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். செத்துப்போன ஆள் வண்டியில் வருவானா? எனக்குத்தான் புத்தியில்லை.

உன் கால் பெருவிரலை எடுத்த வருஷம் நினைவிருக்கிறதா? புண் ஆறிவிட்டது, சர்க்கரையும் அடங்கிவிட்டது. ஆப்பிள் பையோடு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் "உடம்பு தேறிருச்சே" என்றார்கள். நீயோ கட்டிலை விட்டு இறங்கவில்லை. என்னை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டு, "ரிப்போர்ட்டு நல்லாருக்குலே, நாந்தேன் நல்லால்ல" என்றாய்.

அத்தனை வருஷம் சேர்ந்து நடந்தவர்கள் நாம். பூ மார்க்கெட் விலையிலிருந்து சம்பந்தி சண்டை வரை அந்த நடையில்தான் பேசித் தீர்ப்போம். மறுநாள் விடிந்ததும் உன் வாசலில் நின்று கத்தினேன். "ஏலே, எந்திரி! நடக்கத்தானே முடியாது? வண்டிய எடு!"

"அண்ணே, விழுந்துறப் போறாரு" என்று உன் வீட்டுக்காரி பதறினாள். நீ அதற்குள் சட்டையை மாட்டிவிட்டாய்.

அப்புறம் ஊரே சிரித்தது. நான் நடக்க, என் வலப்பக்கம் நீ மொபெட்டில் ஊர்ந்து வருவாய். "வாக்கிங் உங்களுக்கா, வண்டிக்கா?" என்று டீக்கடைக்காரர் கேட்டதற்கு, "அவென் நடக்கட்டும், நான் பேசுறேன். ஆளுக்குப் பாதி" என்றாய். விரல் போனது போனதுதான். சிரிப்பு மட்டும் பழையபடி வந்துவிட்டது, கடைசிவரை போகவில்லை.

நீ போனதும் நான் நடையை விட்டேன். இப்போது எனக்கும் சர்க்கரை. மாத்திரையில் அடங்கிவிட்டது. "சூப்பரா இருக்கீங்க" என்றார் டாக்டர் போன வாரம். அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல எனக்கு ஆளில்லை மாப்ளே. ரிப்போர்ட்டை பீரோவில் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். நீ அன்று சொன்னது அப்போதுதான் முழுசாக விளங்கியது.

அதனால்தான் இன்று கிளம்பினேன். கொஞ்ச தூரம் போனதும் என் வீட்டுக்காரி சத்தம் போட்டாள். "சாக்கடையில விழப்போறீங்க! வலப்பக்கம் இம்புட்டு எடம் கெடக்கு, யாருக்கு வழி விட்டு நடக்குறீங்க?"

அப்போதுதான் பார்த்தேன். சரியாக உன் மொபெட் வரும் அகலம்.

"அவென் வருவான். நீ என் பின்னாடி வா" என்றேன்.