வண்டிக்கு அடியில் நான் கண்டது

அன்பு மாப்பிள்ளை கோவிந்தா,

அன்பு என்று எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. வேறு எப்படி உன்னை அழைப்பேன்? என் தங்கை ராஜம்மாவைக் கட்டுவதற்கு முன்பே நீ எனக்குச் சேக்காளி. பட்டாள ஏலத்தில் நாம் சேர்ந்து எடுத்த அந்தப் பழைய லாரியில் நீ பாதி, நான் பாதி. அடியில் படுத்து ரிப்பேர் பார்ப்பது உன் வேலை. ஓட்டுவது என் வேலை.

பாகலூரில் எல்லோரும் இருக்கிறோம். உன் பெரியவள் கன்னடப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டு வீட்டிலும் கன்னடமே பேசுகிறாள். காய்ச்சலில் நீ செத்துப்போன பிறகு வண்டி கொட்டகையிலேயே நின்றது. மாமரங்களில் காய் திரளத் தொடங்கியதும் ராஜம்மா என் வீட்டுக்கு வந்தாள். ஒரு டிரைவரைப் போட்டு இந்த சீசனுக்கு வண்டியை இறக்கப் போவதாகச் சொன்னாள். அதற்கு முன்னால் நான் ஒரு தடவை பார்த்துத் தர வேண்டுமாம்.

ஓசூரிலிருந்து மெக்கானிக்கை வரச் சொல்லலாமே என்றேன். அவள் கேட்கவில்லை. "மெக்கானிக்கு வேணாண்ணா. நீயே அடியில படுத்துப் பாரு" என்றாள். பார்த்துத் தருகிறேன், ஆனால் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் தொடமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். மேலே உன்கூட இருந்து இதைக் கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். போன சீசனில் முதல் லோடாக நாகரசம்பட்டியில் மாங்காய் ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போனோம். நான் ஓட்டினேன், நீ பக்கத்தில் இருந்தாய், லோடுமேன் மாரப்பன் பாரத்தின் மேல் உட்கார்ந்திருந்தான். சூளகிரித் திருப்பத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் வேகமாகப் போகவில்லை. ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பியும் வண்டி நிமிரவில்லை. கவிழ்ந்த வண்டிக்குக் கீழே மாரப்பனின் கால் சிக்கிக்கொண்டது. அந்தக் காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

ஊர்ப் பெரியவர்கள் கோயில் முன்னால் கூடி விசாரித்தார்கள். நீ எழுந்து நின்று சொன்னது அப்படியே என் காதில் இருக்கிறது. "வண்டியில ஒரு கோளாறும் இல்லீங்க. மச்சானுக்குக் கை பிசகிடுச்சு." நான் மறுத்துப் பேசவில்லை. நீ சொன்னதை நானும் நம்பினேன். அன்றைக்கு விட்ட ஸ்டியரிங்கை நான் மறுபடி பிடிக்கவில்லை. செங்கல் சூளையில் மண் மிதிக்கப் போனேன். எதிரே மாரப்பனின் மனைவி வந்தால் வேறு தெருவில் திரும்பிவிடுவேன்.

சரி, வண்டிக்கு வருகிறேன். சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டு, சாக்கை விரித்து முன்பக்கம் அடியில் படுத்தேன். வண்டி சாயாமல் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கும் குறுக்குக் கம்பி ஒன்று அங்கே உண்டல்லவா? அதன் இரு முனைகளையும் அச்சோடு சேர்க்கும் சிறிய இரும்பு லிங்க் இரண்டையும் காணவில்லை. அந்த இடத்தில் கோணிச் சாக்கைச் சுற்றி, கட்டுக்கம்பியால் முறுக்கி, மேலே கிரீஸ் அப்பியிருந்தது. கோணியைப் பிரித்தேன். உள்ளே இருந்தவை ஒடிந்த துண்டுகள்.

அந்த மாங்காய் லோடுக்குச் சில நாள் முன்பு, முன்பக்கம் இரும்பு கடகடவென்று அடிக்கிறது, பார் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். மறுநாள் சத்தம் இல்லை. என்ன செய்தாய் என்றதற்கு, "லிங்கு போயிருந்துச்சு, மாத்திட்டேன்" என்றாய். குனிந்து பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. உன் வேலையை நான் எதற்குச் சோதிக்க வேண்டும்?

ஒருவேளை விபத்துக்குப் பிறகு ஒடிந்திருக்கலாம், அப்போது நீ கட்டியிருக்கலாம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, துண்டுகளோடு கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினேன். பட்டறை வைத்திருக்கும் பாயிடம் அதேபோல் இரண்டு அடித்துத் தரச் சொன்னேன். அவர் துண்டைத் திருப்பிப் பார்த்தார். போன மாங்காய் சீசனுக்கு முன்னாலேயே கோவிந்தன் இதைக் கொண்டுவந்து பற்ற வைத்துத் தரக் கேட்டாரே என்றார். பற்ற வைத்தால் நிற்காது, புதுசு போடாமல் பாரம் ஏற்றக் கூடாது என்று திருப்பி அனுப்பினாராம். "சீசன் முடிஞ்சு பாத்துக்கறேன்னு போனாரு. அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரல" என்றார்.

பாய் அடித்துத் தந்த இரண்டு லிங்க்கையும் வாங்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

புது லிங்க்குகளை நானே மாட்டினேன். துருப்பிடித்த போல்ட்டுகளில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, உளியால் தட்டிக் கழற்றினேன். பழைய டயரிலிருந்து ரப்பர் வளையம் வெட்டி மேலும் கீழும் கொடுத்தேன். வண்டி நாலு சக்கரத்திலும் சமமாக நின்றபிறகே கடைசி முறுக்கு முறுக்கினேன். ஒரு காலை நேரம்கூடப் பிடிக்கவில்லை மாப்பிள்ளை. இவ்வளவு சின்ன வேலையா?

முகம் கழுவாமலே ராஜம்மாவிடம் போய்த் துண்டுகளை நீட்டினேன். அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியுமா?"

"காய்ச்சல்ல சொன்னாருண்ணா. உங்கிட்டச் சொல்லுங்கன்னு எத்தன தடவ கெஞ்சுனேன். முகத்தப் பாக்க முடியாதுன்னுட்டாரு. அவரு போனப்புறம் எனக்கும் வாய் வரல. நீயே கண்ணால பாத்துக்கணும்னுதான் அடியில படுக்கச் சொன்னேன்."

உன்னைக் காப்பாற்றிக்கொள்ள என்னைப் பலி கொடுத்தாய். என்னோடு பிறந்தவளும் இத்தனை மாதம் அதைத் தெரிந்துகொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். அவளிடம் கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன், வரவில்லை. உன்மேல் வந்த கோபம் அத்தனை பெரியதாக இருந்தது.

மறுநாள் காலையில் அவளும் நானும் மாரப்பன் வீட்டுக்குப் போனோம். நடந்ததை ராஜம்மாவே சொன்னாள். கேட்டுவிட்டு மாரப்பன் சொன்னான்: "சந்தை நாளானா கோவிந்தன் வந்துருவான். ஒண்ணும் பேச மாட்டான், என் காலையே பாத்துட்டு உக்காந்திருப்பான். பாசம்னு நெனச்சேன்."

அவனிடம் போய் உட்கார முடிந்த உனக்கு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல ஏன் முடியவில்லை? மண் மிதித்துவிட்டு நான் திரும்பி வருவதைத் தெருவில் நின்று பார்ப்பாயே, அப்போதெல்லாம் என்ன நினைத்தாய்?

பெரியவர்களிடமும் போய்ச் சொன்னேன். போனவன் போய்விட்டான், இனி எதற்கு அந்தப் பேச்சு என்றார்கள். என்னைக் குற்றவாளி என்று சொல்ல ஊரைக் கூட்டியவர்கள், இல்லை என்று சொல்லக் கூட்டவில்லை. மாரப்பன்தான் டீக்கடையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ராஜம்மா டிரைவர் தேடுவதை நிறுத்திவிட்டாள். வண்டியை நான் ஓட்டுகிறேன். திருப்பங்களில் மட்டும் கியரைக் குறைத்து மெல்லத்தான் எடுக்கிறேன்.

உன் வருஷத் திதிக்கு வருவேன். உனக்கு இலை போடுவேன். உன் பிள்ளைகளை நடுத்தெருவில் விடமாட்டேன். உன்னைத் தங்கமான மனிதன் என்று யாராவது சொன்னால், யார் வீடாக இருந்தாலும், எழுந்து நின்று நடந்ததைச் சொல்வேன். ராஜம்மா அழுதாலும் சொல்வேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

இந்த உறவை முறிக்க வழி தெரியாத உன் மச்சான்,
முனுசாமி