சாவி தீர்ந்த பிறகும்

1961, ஐப்பசி 12

கொழும்பில் நான் காமிராவைத் தூக்கினால் வெள்ளைக்காரத் துரைமார் எழுந்து நின்று வழிவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட நான் இன்று எங்கள் ஊர்ப் பருத்திக்காட்டில் காமிராவை இறக்க முடியாமல் நின்றேன்.

படம் பிடிக்கும்போது எழுதிவைத்த வசனம் எனக்கு ஆகாது. நிலைமையை மட்டும் சொல்வேன். பேச்சு அவரவர் வாயில் தானாக வரவேண்டும். தம்பி சண்முகத்தை வரப்பில் நிறுத்தி, "பத்து வருசங் கழிச்சு அண்ணன் ஊருக்கு வாரான். இந்தக் காமிராதான் அண்ணன். பேசுலே" என்றேன்.

"இவிய அழுதா பிலிமு நனைஞ்சிராதா அத்தான்?" என்று சிரித்தாள் அவன் பெண்டாட்டி.

அவன் சிரிக்கவில்லை. "அம்மா படுக்கையில கெடக்கையில மூணு கடுதாசி போட்டேன். நீ பிஸ்கட் டப்பா அனுப்புன. கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தா."

காமிராவுக்குச் சாவி கொடுத்தால் அரை நிமிடம்தான் ஓடும். அது நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. கண்ணை எடுத்தால் என் முகம் தெரிந்துவிடும் என்று அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஓடுதா அண்ணே?"

"ஓடுது. நீ பேசு."

பேசி முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்தான். "நான் சொன்னதெல்லாம் அதுல விழுந்திருக்கும்லா?"

இது பேச்சைப் பிடிக்கிற காமிராவே இல்லை. "ஒரு சொல் விடாம விழுந்திருக்கு" என்றேன்.

நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் மறுபடி பேச வந்து நிற்பான். மேலெல்லாம் அசதியாக இருக்கிறது.

அந்தப் பிஸ்கட் கொழும்பிலேயே உசத்தியானது. சத்தியமாக.