ஆளில்லாத அருவி

16-9-56, ஞாயிறு, ஓசூர்

என் வீட்டுக்காரரின் காபிக் கடைச் சுவரில் இன்று இரண்டு படம் ஒட்டியிருக்கிறது. பஸ் கம்பெனி ஏஜெண்டு வெங்கடசாமி, ஓசிக் காபி குடித்துவிட்டு ஒட்டியது. ஒன்று மைசூர் தசரா: யானை, அம்பாரி, இரண்டு பக்கமும் தலை தலையாக ஜனம். இன்னொன்று ஒகேனக்கல். ‘நீர்வீழ்ச்சி காண வாரீர்’ என்று மேலே. கீழே பாறை, தண்ணீர், ஆகாசம். ஒரு ஆள் இல்லை!

மாவுத் தூக்கோடு நின்றுவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் எள்ளு போட்டால் எள்ளு விழாது. சந்தைக் கூட்டம் முதுகில் இடிக்கிறது. எனக்கு அந்தத் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. போகணும். போயே தீரணும்.

19-9

எழுத உட்கார இடமில்லை. நாலு மருமகள், ஒரே அடுப்படி. தலை வார உட்கார்ந்தால் யாராவது ஒரு குழந்தையை மடியில் போட்டுவிட்டுப் போகிறார்கள். மாட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். மாடு ஒன்றுதான் ‘என்ன எழுதறே’ என்று கேட்பதில்லை.

22-9

இவரிடம் கேட்டே விட்டேன்.

“ஒகேனக்கலா? யாரு கூட?”

“யாரும் வேண்டாம். பஸ் ஏத்தி விட்டாப் போதும்.”

சிரித்தார். என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது? பொழுது சாய்வதற்குள் விஷயம் அத்தை காதுக்குப் போய்விட்டது. “ஆளில்லாத எடத்துல இவளுக்கு என்னடி வேலை? தனி மரம் தோப்பாகுமா?” என்றார், எல்லோர் முன்னாலும்.

தோப்பாக வேண்டாம் அத்தை. ஒரே ஒரு நாள் மரமாக இருந்தால் போதும். சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

28-9

நாத்தனார் நாகம்மா தளியிலிருந்து வந்திருக்கிறாள். அவளுக்குத் தோட்டத்து வீடு. புருஷன், நாலு மாடு, பனி, அவ்வளவுதான். கடைக்கு அழைத்துப் போய் என் அருவியைக் காட்டினேன்.

“அய்யோ அண்ணி, பயமா இருக்குது! எங்க தோட்டமே இப்பிடித்தான். பேசணும்னா பசுமாட்டோடதான் பேசணும்.”

அவள் கண் தசராவை விட்டு நகரவில்லை. “இந்தப் பொம்பளயப் பாருங்க அண்ணி, எப்பிடி எட்டிப் பாக்கறா!” என்று ஒவ்வொரு தலையாகப் பார்த்துச் சிரிக்கிறாள்.

வெங்கடசாமி சொன்னார்: “சந்தை நாள்ல எல்லாரும் அருவிகிட்டதாம்மா நிக்கறாங்க. மத்த நாள்ல, தோட்டங்காட்டுலருந்து ஒத்தையா வர்றவங்க யானைகிட்ட. ரெண்டும் ஒரே ஆளு வரைஞ்சதுதான்!”

30-9

வீடே தசராவுக்குக் கிளம்புகிறதாம். நாகு கிளப்பிவிட்டது. நானும் வரணுமாம். இந்த ஜனத்தோடு போய் இன்னும் லட்சம் ஜனத்தைப் பார்க்கணுமா? மாட்டேன்.

நாகுவும் புருஷனும் வந்துவிட்டால் அவர்கள் மாடு கன்றை யார் பார்ப்பது என்று பேச்சு வந்தது. “நான் போறேன்” என்றேன். அத்தை ஆயிரம் காரணம் சொன்னார், ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். ராத்திரித் துணைக்குப் பக்கத்துத் தோட்டத்துச் சென்னம்மா வந்து படுப்பாள் என்று நாகு சொன்ன பிறகுதான் விட்டார். குழந்தைகள் அத்தையோடு போகட்டும்.

வெங்கடசாமியிடம் ஓர் ஒகேனக்கல் படம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

12-10, தளி

அப்பாடா! ராகிக் கூழ் தடவிப் படத்தைச் சுவரில் ஒட்டினேன். காபியைச் சூடாகக் குடித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு ஆறாத காபி இதுதான்.

13-10

தூறல். வேலையெல்லாம் காலையிலேயே முடிந்துவிட்டது. தலை வாரிப் பின்னினேன். அவிழ்த்து மறுபடி பின்னினேன்.

14-10

விஜயதசமி. அங்கே யானை கிளம்பியிருக்கும். சின்னவன் யார் தோளில் உட்கார்ந்திருக்கிறானோ.

களி கிண்டினேன். கை தன் பாட்டுக்கு ஓசூர் வீடு மொத்தத்துக்கும் அளந்து போட்டிருக்கிறது, பானை நிறையக் களி! யார் தின்பது? மாட்டுக்கு வைத்தேன். “தின்னுடி, நீயாவது தின்னு” என்று அதோடு பேசிக்கொண்டு நிற்கிறேன். அய்யய்யோ, நாகு சொன்ன மாதிரியே.

படத்தின் முன்னால் வந்து உட்கார்ந்தேன். பாறை ஓரம் ஒரு பரிசல். அதில் தலைப்பாகை கட்டின ஆள், நகத்தளவு. இவன் எப்போது வந்தான்? கடைச் சுவரிலும் இதே படம்தானே? தினமும் பார்த்தேனே! அங்கே ஒரு நாளும் கண்ணில் படாதவன், இங்கே அவனைத் தவிர வேறெதுவும் படமாட்டேன் என்கிறது.

அழுதேன். அப்புறம் சிரிப்பு வந்தது. அதற்காக ஒகேனக்கலை விட்டுவிடுவேனா? விடமாட்டேன். ஆனால் தனியாக வேண்டாம்.

17-10

நாகு வந்து சேர்ந்தாள். கூட்டத்தில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கிறது, முகத்தில் அத்தனை சந்தோஷம். கதை முடிகிறவரை காத்திருந்து கேட்டேன்.

“நாகு, தை மாசம் ஒகேனக்கல் போலாம். வர்றியா?”

படத்தைப் பார்த்து முகம் சுளித்தாள். “அங்க யாருமே இல்லியே அண்ணி.”

“நான் இருக்கேன்ல?”

18-10, ஓசூர்

கடைக்குப் போனேன். வெங்கடசாமியிடம் ஒகேனக்கலுக்குச் சீட்டு கேட்டேன். “யாரு கூட?” என்று கல்லாவிலிருந்து இவர் மறுபடி கேட்டார். “உங்க தங்கச்சி கூட” என்றேன். தைக்கு இரண்டு சீட்டு எழுதிக்கொண்டார் வெங்கடசாமி. இவர் இந்த முறை சிரிக்கவில்லை.