கண்ணால் பார்த்ததற்கு ஒரு மதிப்பெண்

என் அருமைக் கஸ்தூரிக்கு,

முதலில் உனக்கு வேண்டிய செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீ ஜெயித்துவிட்டாய். இவ்வளவு சந்தோஷமாக நான் தோற்றதே இல்லை.

நம் மயிலாப்பூர் பள்ளியின் தமிழாசிரியர் அறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து பதினோரு வருடம் சண்டை போட்டோமே, பத்தி எழுதும் கேள்விக்கான ஐந்து மதிப்பெண்ணைப் பற்றி, அந்த விவகாரம்தான். என் கணக்கு எல்லோருக்கும் தெரியும். தொடக்கத்துக்கு ஒன்று, கருத்துக்கு இரண்டு, பிழையில்லாமல் எழுதினால் ஒன்று, முடிவுக்கு ஒன்று. அதில் ஒன்றைப் பிடுங்கி, பிள்ளை தன் கண்ணால் பார்த்து எழுதியதற்குக் கொடு என்பாய் நீ.

'நான் சென்ற பயணம்' எழுதச் சொன்னோம், நினைவிருக்கிறதா? வகுப்பே ஊட்டிக்குப் போய் வந்தது. அதே குளிர், அதே பனிமூட்டம், அதே இயற்கை அன்னை. நோட்ஸில் இருந்தது ஊட்டி, பாவம், பிள்ளைகள் என்ன செய்வார்கள்? "இன்னாக்கா இது, ஒரே ஸ்வெட்டரை க்ளாஸ் மொத்தமும் போட்டுக்கினு போய் வந்துகீது" என்று நீ சிரித்த சிரிப்பில் தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார்.

அந்த விடைத்தாள் கட்டுக்குள் பட்டினப்பாக்கத்துப் பெண் ஒருத்தி மட்டும், அம்மாவோடு மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியதை எழுதியிருந்தாள். பக்கத்துச் சீட்டு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டே வஞ்சிரம் இருக்கிறதா என்று கேட்டாராம். நீ ஐந்து போட்டாய். தொடக்கமும் முடிவும் இல்லையென்று நான் அடித்து மூன்றாக்கினேன். "கண்ணால பார்த்ததை எந்த ஸ்கேலை வச்சுடி அளப்பே? ஆளுக்கொரு மார்க் போடுவாங்க" என்றேன். மூன்று நாள் நீ என்னோடு பேசவில்லை. என் டிபன் பாக்ஸை மட்டும் உரிமையோடு திறந்து சாப்பிட்டாய்.

நீ போய் ஒன்றரை வருடமாகிறது. இந்த ஜூனில், பத்திக்கு மதிப்பெண் போடும் விதியை எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. எதிர்த்துப் பேச நீ இல்லை. அதனால்தானோ என்னவோ, பழையதையே எழுதிக் கொடுக்க மனசு வரவில்லை. பெயரை மறைத்து இருபது பத்திகளை நகலெடுத்து, நாலு ஆசிரியர்களிடம் தனித்தனியாகத் திருத்தக் கொடுத்தேன். மதிப்பெண் போடும் தாளில் என்னுடைய கட்டங்களோடு, 'கண்ணால் பார்த்தது' என்று உன் கட்டமும் ஒன்று. அதில் நாலு பேரும் நாலு விதமாகப் போடுவார்கள் என்று நம்பினேன். உன்னைக் கடைசியாக ஒரு முறை ஜெயிக்கும் ஆசைதான், வேறென்ன?

நடந்தது என்ன தெரியுமா? தொடக்கத்துக்கு ஒருவர் ஒன்று போட்ட இடத்தில் இன்னொருவர் சுழி. முடிவுக்கு அதைவிட மோசம். உன் கட்டத்தில் மட்டும் இருபது தாளிலும் நாலு பேரும் ஒரே மாதிரி போட்டிருந்தார்கள். நான் இரண்டு முறை சரிபார்த்தேன்.

விதி மாறிவிட்டது. இப்போது தொடக்கமும் முடிவும் சேர்த்து ஒன்று, உன்னுடையது ஒன்று. ஆசிரியர் அறையில் அதைக் கஸ்தூரி மார்க் என்று சொல்லப் போய், அது வராந்தாவரைக்கும் பரவிவிட்டது. "உனுக்கு கஸ்தூரி மார்க் வந்துச்சாடி?" என்று உன்னைப் பார்த்தேயிராத ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டுக்கொள்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு மாதிரி காட்ட ஆசிரியர்களும் ஆளுக்கொரு பத்தி எழுத வேண்டும் என்று முடிவாயிற்று. நான் உன்னைப் பற்றி எழுதினேன். புதிதாக வந்திருக்கும் ஷர்மிளா டீச்சர் திருத்தி, நாலு போட்டாள்.

"அன்பின் வடிவம், பணியில் சிறந்தவர்னு எழுதியிருக்கீங்க மேடம். இது யாருக்கு வேணாலும் பொருந்துமே. நீங்க பார்த்தது எங்க?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வீட்டுக்குப் போய் மறுபடி எழுதினேன். சிவப்புப் பேனாவைக் கடித்துக் கடித்து, உதட்டோரம் மை ஒட்டியது தெரியாமலே நீ வகுப்புக்குப் போவதை எழுதினேன். சுழி போடுவதற்கு முன் தாளைப் பார்த்து "சாரிடா" என்பதை எழுதினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நர்ஸ் காய்ச்சல் குறிக்கும் அட்டையை வாங்கி, "கையெழுத்து நல்லாக்கீது" என்று டிக் போட்டுத் திருப்பிக் கொடுத்ததையும் எழுதினேன்.

ஷர்மிளா படித்தாள். விட்டுப்போன அந்த ஒரு மதிப்பெண்ணைப் போட்டாள்.

இனி யார் கேட்டாலும் கஸ்தூரி ரொம்ப நல்லவள் என்று ஒரு வரியில் முடிக்க மாட்டேன். நான் பார்த்த உன்னைத்தான் சொல்வேன். சத்தியம்.

தோற்றுப் பூரித்துப்போயிருக்கும்
உன் அக்கா,
பத்மா